தோட்டத்துத் துண்டும் ஆய்வுகூடத்துப் பதிலும்

மலையகத்தில் 'துண்டு' என்ற சொல்லுக்கு உள்ள கனம் தமிழ் பேசும் வேறெந்த நிலத்திலும் இருக்குமென்று நான் நினைக்கவில்லை. வெள்ளைத் துரைமார் காலத்தில் ஒரு தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமானால் அவனுடைய கடன் எவ்வளவு, யார் அதைத் தீர்த்தால் அவனை விடுவிக்கலாம் என்று எழுதிய ஒரு காகிதம் வேண்டும். அதற்குப் பெயர் துண்டு. துண்டு இல்லாதவனை அடுத்த தோட்டம் பேர் பதியாது. இந்த முறை 1921ஆம் ஆண்டில் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. ஆனால் சொல் ஒழியவில்லை. டிஸ்பென்சர் ஐயா எழுதிக் கொடுத்தால்தான் பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம், அதுவும் துண்டுதான். இரத்தம், சளி, சிறுநீர் பரிசோதிக்க எழுதும் சீட்டும் துண்டு. அங்கிருந்து திரும்பி வரும் பெறுபேறும் துண்டு. "துண்டு வந்திருச்சுங்களா?" என்ற கேள்வியைப் பதுளைப் பகுதித் தோட்டத்து டிஸ்பென்சரி வாசல்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

வைத்தியர் கேட்கும் கேள்வியும் ஆய்வுகூடம் சொல்லும் பதிலும் கணினி வழியாகவே போய் வருவதைப் பற்றி இப்போது எங்கும் பேசுகிறார்கள். ஊவா மாகாணத்திலும் பேசுகிறார்கள். இதைத் தொழில்நுட்பச் செய்தியாக எழுத ஆட்கள் பலர் உண்டு. எனக்கு இது பழைய கதையின் பிந்திய அத்தியாயமாகவே தெரிகிறது. அந்தப் பழைய கதையில் என் வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1976ஆம் ஆண்டு. தோட்டங்களை அரசாங்கம் பொறுப்பேற்று ஒரு வருடந்தான் ஆகியிருந்தது. நான் கொழும்பில் பத்திரிகைத் தொழிலில் காலூன்றிக்கொண்டிருந்தேன். பசறைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்த என் பெரியம்மாவுக்கு மாதக்கணக்கில் இருமல். தோட்டத்து டிஸ்பென்சரியில் சளி எடுத்து அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து, 'நோய்க் கிருமி இல்லை' என்று துண்டு வந்தது. பெரியம்மா நிம்மதியாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனார். அடுத்த லயத்தில் அதே பெயரில் இன்னொரு பெண் இருந்தாள். அவளுக்குக் காசநோய் என்று துண்டு. அவளைப் பிள்ளைகளிடமிருந்து பிரித்து, ஊசி போட அனுப்பினார்கள். நாலு மாதம் சென்ற பின், பெரியம்மா இரத்தமாகக் கக்கியபோதுதான் இரண்டு துண்டுகளும் இடம் மாறியது தெரிந்தது. பெரியம்மா பிழைத்தார், ஆனால் அதற்குள் அவருடைய கடைசி மகனுக்கும் நோய் தொற்றியிருந்தது. அவன் பிழைக்கவில்லை. அந்த மற்றப் பெண் தனக்கு இல்லாத நோய்க்கு நாலு மாதம் ஊசி குத்திக்கொண்டாள். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. கேள்வியையும் பதிலையும் கட்டி வைத்திருந்த நூல் ஒரு பெயர் மட்டுமே. அந்தப் பெயர் இருவருக்குப் பொதுவாக இருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

தோட்ட வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. ஒரே தோட்டத்தில் பத்து லெட்சுமிகளும் எட்டு மாரியாயிகளும் இருப்பார்கள். கணக்கப்பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு விதமாகவும், பதிவாளர் சிங்களத்தில் ஒரு விதமாகவும், பள்ளிக்கூட வாத்தியார் தமிழில் ஒரு விதமாகவும் எழுதிய பெயர்கள் அவை. ஒரு பெண்ணின் பிறப்புச் சான்றிதழிலும் செக்ரோலிலும் வைத்தியசாலை அட்டையிலும் உள்ள பெயர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று பெண்கள் என்றே தோன்றும். 

இனி வரலாற்றுக்கு வருவோம்.

கோப்பிக் காலத்தில் வந்த கூலிகள் வழியிலும் தோட்டத்திலும் கூட்டங் கூட்டமாக மடிந்ததை அடுத்து, தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென்று 1872இல் முதலாவது கட்டளைச் சட்டம் வந்தது. பின்னர் அது பலமுறை திருத்தப்பட்டு, 1912இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமாக உருப்பெற்றது. தோட்டப் பகுதிகள் மருத்துவ மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டன. மாவட்ட வைத்திய அதிகாரி என்றொருவர் நியமிக்கப்பட்டார். தோட்டத்தில் டிஸ்பென்சர் இருப்பார். அவர் கைக்கு மிஞ்சிய நோயென்றால் துரைக்குச் சொல்லி, துரை அதிகாரிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அந்தச் செய்தியைக் கொண்டு போனவர் தபாற்காரர். இவர் அரசாங்கத் தபாற்காரர் அல்லர், தோட்டத்துக் கூலி. தோல் பையோ சாக்குப் பையோ தோளில் போட்டுக்கொண்டு தினமும் காலையில் தபாற் கந்தோருக்கு இறங்கி, மாலையில் ஏறி வருபவர். மடுல்சீமை, நமுனுகுலை, பூணாகலை போன்ற மலைகளில் இது எத்தனை மைல் நடையென்று அங்கே கால் வலிக்க நடந்தவர்களுக்குத் தெரியும். ஊவாத் தோட்டங்களின் முதலாவது ஆய்வுகூடத் தொடர்பு இந்த மனிதரின் கால்கள்தான்.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வரும் தொழிலாளியின் கழுத்தில் ஒரு தகர டிக்கட் கட்டி அனுப்பும் முறை வந்தது. எந்தத் தோட்டத்துக்குரியவன் என்பதைக் காட்டும் இலக்கம் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். வழிச்செலவு யார் கணக்கில் எழுத வேண்டுமென்று தெரிவதற்காக இந்த ஏற்பாடு. மனிதனைப் பார்சலாக்கிய இந்தத் தகரத்தை நாம் இகழ்வது சரியே. ஆனால் ஒரு விந்தையைக் கவனியுங்கள். கடனை வசூலிக்க வேண்டியபோது ஒவ்வொரு தொழிலாளிக்கும் பிசகாத ஓர் இலக்கம் கொடுக்க அந்த நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது. நோயைக் கண்டுபிடிக்க வேண்டியபோது 'லெட்சுமி, ஆறாம் நம்பர் லயம்' போதுமென்று விட்டுவிட்டார்கள்.

கொழும்பில் 1900ஆம் ஆண்டில் பாக்டீரியாவியல் நிறுவனம் ஒன்று ஏற்பட்டது; பிற்காலத்தில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் மாறியதும் இதுதான். இத்தாலியரான அல்டோ கஸ்தெல்லானி 1903இல் இங்கு வந்து சேர்ந்து, 1905இல் பறங்கி நோயின் கிருமியைக் கண்டது உலகப் பிரசித்தமான செய்தி. இலங்கையில் நுண்ணோக்கி வழி மருத்துவம் வேரூன்றிய காலம் அது. தோட்டங்களுக்கு அது வந்து சேர்ந்தது கொக்கிப்புழுவின் வழியாக. ராக்பெல்லர் நிறுவனத்தின் சுகாதாரக் குழுவினர் 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள். அவர்கள் உலகெங்கும் பின்பற்றிய முறை இப்படி: முதலில் வீடு வீடாகக் குடிசனக் கணக்கு, பிறகு ஒவ்வொருவருக்கும் பெயரெழுதிய சிறு டப்பா, மறுநாள் டப்பாவில் மலம் சேகரித்து நுண்ணோக்கியில் பார்த்து, முட்டை தென்பட்டவர்களுக்கு மருந்து, பின்னர் மறுபரிசோதனை. வீட்டுக்கணக்கும் டப்பாவும் பதிவேடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்ற ஒழுங்கை மலையகம் கண்டது அப்போதுதான் என்று சொல்லலாம். மருந்துகள் கடுமையானவை. தைமோலும் செனப்போடியம் எண்ணெயும் குடித்துத் தலை சுற்றி விழுந்த கதைகளை என் பாட்டன் தலைமுறையினர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

ரெயில் ஹப்புத்தளையைத் தாண்டிப் பண்டாரவளைக்கு வந்தது 1894இல். அங்கிருந்து எல்ல, தெமோதரை வழியாகப் பதுளையைத் தொட மேலும் முப்பது வருடம் பிடித்தது. 1924இல்தான் பதுளைக்கு ரெயில். அதன் பிறகு கொழும்புக்கும் பதுளைக்கும் இடையிலான ஏறத்தாழ 290 கிலோமீற்றர் ஓர் இரவுப் பயணமாயிற்று. நான் பத்திரிகைக்கு வந்த புதிதில் பதுளைச் செய்தியாளர்கள் எழுதும் செய்திகள் இந்த இரவுத் தபால் ரெயிலில்தான் வந்தன. அவசரமென்றால் தந்தி; அதில் சொல்லுக்குக் காசு என்பதால் வினைச்சொற்களை எல்லாம் வெட்டிவிடுவார்கள். ஒருநாள் காலையில் கோட்டை நிலையத்தில் செய்திப் பொதியை வாங்கப் போன எங்கள் அலுவலகப் பையன், அதற்குப் பக்கத்தில் 'இரத்தம் - அவசரம்' என்று எழுதிய மரப்பெட்டி ஒன்று கிடப்பதைப் பார்த்து மிரண்டு போய் வந்தான். ஒரே பெட்டியில் செய்தியும் இரத்தமும் வந்த காலம். எங்கள் செய்தி ஒருநாள் தாமதித்தால் அது பழசு. அந்தப் பெட்டியில் வந்ததும் அப்படித்தான். ஆனால் அதைப் பற்றி எந்த ஆசிரியரும் சத்தம் போட மாட்டார்.

போகும் வழியைவிட வரும் வழியே எப்போதும் நீளம். இரத்தம் கெட்டுப்போகும் பொருள் என்பதால் அதை விரைவாக அனுப்பத் துடித்தார்கள். பதில் கெட்டுப்போகாத காகிதம். எனவே அது கட்டில் கிடந்து, முத்திரை குத்தப்பட்டு, தபாலில் வந்து, தோட்டக் கந்தோரில் இறங்கி, கிளாக்கர் ஐயா பிரித்துப் பார்த்த பின்னரே டிஸ்பென்சரிக்குப் போகும். லயத்துக்கு நேரடியாகத் தபால் வருவதில்லை என்பது மலையக மக்களின் நெடுநாள் மனக்குறை. காதல் கடிதமும் நேர்முகப் பரீட்சைக் கடிதமும் கந்தோர் மேசையில் தேங்கியதைப் பற்றி எழுதியிருக்கிறோம். நோய் பற்றிய துண்டும் அதே மேசையில்தான் தேங்கியது. யாருக்கு என்ன நோய் என்பது உரியவர் அறியும் முன் பிரட்டுக்களத்துக்குத் தெரிந்துவிடும்.

இந்தக் குறையை ஒரு நோய் விடயத்தில் இந்த நாடு வென்று காட்டியது. அது மலேரியா. 1934-35இல் பேயாட்டம் ஆடிய அந்த நோய், டிடிடி வந்தபின் 1963இல் வெறும் 17 பேருக்கு மட்டுமே கண்டது. விட்டது சனியன் என்று கை தளர்த்தினார்கள்; 1960களின் முடிவில் அது மீண்டும் இலட்சக்கணக்கில் எழுந்தது. அதற்குப் பின் மொனராகலை போன்ற ஊவாவின் தாழ்நிலங்களில் காய்ச்சல்காரர் ஒவ்வொருவரின் விரலையும் குத்திக் கண்ணாடித் தகட்டில் இரத்தம் பூசிப் பார்க்கும் வேலை விடாமல் நடந்தது. தகட்டில் இலக்கம், பதிவேட்டில் அதே இலக்கம், கிருமி தென்பட்டால் பதில் காகிதமாக மட்டும் வராது, ஆளே வீட்டைத் தேடி வருவார். 2012இல் கடைசி உள்ளூர்த் தொற்று. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. இந்த வெற்றியின் அடிப்படை கணினி அல்ல. தகட்டுக்கும் மனிதருக்கும் இடையில் அறாத நூல்.

கணினியின் கதை அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் தொடங்குகிறது. அங்குள்ள ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனத்தில் கிளெமென்ட் மெக்டொனால்ட் என்ற வைத்தியர் 1972 முதல் நோயாளர் பதிவுகளைக் கணினியில் ஏற்றி வந்தார். விரைவில் அவருக்கு ஒரு தலைவலி. ஒவ்வோர் ஆய்வுகூடமும் ஒவ்வொரு மொழி பேசிற்று. ஒன்று 'ஹீமோகுளோபின்' என்றது, ஒன்று 'எச்.பி.' என்றது, ஒன்று தன் சொந்த இலக்கம் ஒன்றை இட்டது. 1987இல் எச்.எல்.செவன் என்ற அமைப்பு பிறந்தது. வைத்தியசாலைக் கணினிகள் தம்முள் செய்தி பரிமாறும் இலக்கணத்தை அது வகுத்தது. மறுவருடம் ஆய்வுகூடப் பெறுபேறுகளை அனுப்புவதற்கென்றே ஒரு தனித் தரம் வெளியாயிற்று. 1994இல் ரீகன்ஸ்ட்ரீஃப் குழுவினரே பரிசோதனைகளுக்கு உலகப் பொதுவான இலக்கம் கொடுக்கும் 'லொயின்க்' வேலையைத் தொடங்கினார்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு என்றால் அதற்கு 718-7. பதுளையில் கேட்டாலும் பொஸ்டனில் கேட்டாலும் அதே இலக்கம்.

அந்தச் செய்தி எப்படி இருக்கும் என்று ஒருமுறை ஒரு மருத்துவத் தகவலியல் வைத்தியர் எனக்குக் காட்டினார். செங்குத்துக் கோடுகளால் பிரித்த சில வரிகள். ஒரு வரியில் நோயாளர் யார். அடுத்த வரியில் எந்தப் பரிசோதனை கேட்கப்பட்டது, கேட்டவர் இட்ட இலக்கம் என்ன, ஆய்வுகூடம் இட்ட இலக்கம் என்ன. அதன் கீழ் ஒவ்வொரு வரியிலும் ஒரு பதில். பதிலோடு அலகு, இயல்பான எல்லை, கூடவா குறையவா என்ற குறி. அலகு என்பது அற்ப விடயம் அல்ல. இரத்தச் சர்க்கரையை இங்கே மில்லிகிராமில் சொல்கிறோம்; இங்கிலாந்தில் மில்லிமோலில் சொல்கிறார்கள். இங்கே 126 என்பது அங்கே 7. அலகைப் பிரித்துவிட்டு எண்ணை மட்டும் அனுப்பினால் அது பதில் அல்ல, புதிர். அந்த வரிகளைப் பார்த்தபோது எனக்கு மலைத்துப் போகவில்லை. இதைத்தானே கொக்கிப்புழு டப்பாக்காரர்களும் மலேரியாத் தகட்டுக்காரர்களும் கையால் செய்தார்கள்! கேள்வியின் இலக்கம் பதிலோடு திரும்பி வர வேண்டும். பெரியம்மாவின் சளிக் குப்பியில் அப்படியோர் இலக்கம் இருந்து, அது துண்டிலும் ஏறியிருந்தால் என் தம்பி இன்று எழுபதை எட்டியிருப்பான்.

இந்த விடயத்தில் உலகுக்கு வழிகாட்டிய நாடு டென்மார்க். அங்கு 1994இல் மெட்கொம் என்ற பொது அமைப்பை ஏற்படுத்தி, ஊர் வைத்தியர்களையும் வைத்தியசாலைகளையும் ஆய்வுகூடங்களையும் மருந்துக் கடைகளையும் மின்னணுச் செய்திகளால் இணைத்தார்கள். மற்ற நாடுகள் ஏங்கிப் பார்த்தன. அவர்களுக்கு அது எப்படிக் கைகூடிற்று? பணம் இருந்தது, சிறிய நாடு என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். எனக்குத் தோன்றும் முதற் காரணம் வேறு. 1968ஆம் ஆண்டிலேயே டென்மார்க் தன் நாட்டில் வாழும் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள் இலக்கம் கொடுத்து முடித்திருந்தது.

அதே 1968இல் இலங்கையிலும் ஆட்பதிவுச் சட்டம் நிறைவேறிற்று என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. ஆனால் பிரசைகளுக்கு மட்டும். 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழருக்கு அட்டை இல்லை. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் அந்தப் பக்கம், 300,000 பேர் இந்தப் பக்கம், 150,000 பேர் பின்னர் பார்ப்போம் என்று தலைகளை எண்ணிப் பிரித்தார்கள். எண்ணத் தெரிந்தது, தலைக்கு ஓர் இலக்கம் கொடுக்கத் தெரியவில்லை. எஞ்சியோருக்கும் பிரசாவுரிமை கொடுத்த சட்டம் வந்தது 2003இல். அட்டை கைக்கு வர அதன் பின்னும் காலம் சென்றது. எனவே ஊவாத் தோட்டத்துப் பாட்டி ஒருத்தியின் நோய் வரலாற்றைக் கணினியில் ஏற்ற முடியாமற் போனதற்கு மின்சாரக் கம்பி வராததை மட்டும் காரணமாக்கக் கூடாது. அவளை அவள்தான் என்று சொல்ல இந்த நாட்டில் ஒரு தாளும் இல்லாமல் இருந்தது.

இலங்கை அரசாங்க வைத்தியசாலைகளில் எச்.எச்.ஐ.எம்.எஸ். என்ற திறந்தமூல மென்பொருள் 2010களில் பரவலாயிற்று. 2016இல் சுகாதார அமைச்சு மின்சுகாதாரத் தரங்களையும் வழிகாட்டல்களையும் வெளியிட்டது. தேசிய அடையாள அட்டையை மட்டும் நம்பாமல் தனிநபர் சுகாதார இலக்கம் என்று வேறோர் இலக்கத்தை வகுத்தார்கள். இதை நான் பெரிதும் மதிக்கிறேன். பிறந்த குழந்தைக்கும், அட்டை தொலைத்த கிழவருக்கும், பெயர் மூன்று விதமாக எழுதப்பட்ட பெண்ணுக்கும் அது பொருந்தும். 2018இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு மத்திய, வடமத்திய, சபரகமுவ, ஊவா மாகாணங்களில் ஆரம்ப வைத்தியசாலைகளை வலுப்படுத்தும் திட்டம் வந்தபோது, சிறிய வைத்தியசாலைகளைப் பெரிய வைத்தியசாலையோடு ஒரு கொத்தாக இணைக்கும் எண்ணமும் அதோடு வந்தது. கீழே இரத்தம் எடுத்து, மேலே பரிசோதித்து, பெறுபேற்றைக் கீழே அனுப்புவது அந்த எண்ணத்தின் ஒரு கூறு.

தொலைதூர மலைக்கு இது ஏற்குமா என்று ஐயுறுவோருக்கு ஸம்பியாவைச் சொல்வேன். அங்கு 2010இல் கைக்குழந்தைகளின் எச்.ஐ.வி. பரிசோதனைப் பெறுபேற்றைக் கிராமத்துச் சுகாதார நிலையங்களுக்குக் கைத்தொலைபேசிக் குறுந்தகவலாக அனுப்பத் தொடங்கினார்கள். முன்பு சராசரி 44 நாள் எடுத்த பதில் 27 நாளில் வந்தது. இரத்தம் முன்போலவே ஜீப்பிலும் சைக்கிளிலும்தான் போயிற்று. திரும்பும் வழியை மட்டுமே சுருக்கினார்கள். அந்தப் பதினேழு நாளின் மதிப்பு ஒரு குழந்தைக்கு என்னவென்று சொல்லத் தேவையில்லை. இலங்கை 2019இல் தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் மேகநோயும் பரவுவதை ஒழித்த நாடென்று சான்று பெற்றது. தோட்டத்து மருத்துவிச்சிமார் ஒவ்வொரு கர்ப்பிணியின் இரத்தக் குப்பியையும் கொண்டு அலைந்த உழைப்பு அதில் இருக்கிறது. அவர்களைப் பற்றி எங்கள் பத்திரிகைகள் போதிய அளவு எழுதவில்லை, நானும் எழுதவில்லை.

தனியார் ஆய்வுகூடங்கள் இந்த வழியில் அரசாங்கத்துக்கு முன்னே ஓடிவிட்டன. பதுளையிலும் பண்டாரவளையிலும் கொழும்பு நிறுவனங்களின் இரத்தம் எடுக்கும் நிலையங்கள் இருக்கின்றன. மாலையில் எடுத்த இரத்தம் இரவோடிரவாகக் கொழும்புக்குப் போகிறது. மறுநாள் கைத்தொலைபேசிக்குக் குறுந்தகவல் வருகிறது. ஆனால் யாருடைய தொலைபேசிக்கு? தோட்டத்துத் தாய் கொடுக்கும் இலக்கம் பெரும்பாலும் கொழும்பில் கடையில் நிற்கும் மகனுடையது. இரத்தம் பதுளையிலிருந்து கொழும்புக்குப் போக, பதிலும் கொழும்பிலேயே இறங்குகிறது. மகன் ஆங்கிலத்தில் வந்த எண்களை முதலாளியிடம் காட்டிக் கேட்டு, இரவில் அம்மாவுக்கு எடுத்து, "ஏதோ கூடவாம்மா, டொக்டர்கிட்ட காட்டுங்க" என்கிறான். முந்தைய கந்தோர்க் கிளாக்கரின் இடத்தில் இப்போது முதலாளி. வேகம் கூடியிருக்கிறது என்பதை மறுக்கவில்லை.

ஆனால் இது பதிலைக் காட்டுவது மாத்திரமே, பரிமாற்றம் அன்று. பரிமாற்றமென்றால் கேட்ட வைத்தியரின் பதிவேட்டுக்குள் பதில் தானே போய் உட்கார வேண்டும். சென்ற தடவை எவ்வளவு, அதற்கு முன் எவ்வளவு என்று வரிசையாக நிற்க வேண்டும். இதன் அருமையை ஊவாவிலேயே காணலாம். மகியங்கனைப் பக்கத்துக் கிராந்துருகோட்டை, காரணம் அறியாத சிறுநீரக நோய் மிகுந்த இடமென்று நாடறிந்த ஊர். சிறுநீரகம் கெடுவதை ஒரே ஒரு கிரியேட்டினின் பெறுபேறு காட்டாது. 1.1, 1.3, 1.6 என்று வருடக்கணக்கில் ஏறிவரும் வரிசைதான் காட்டும். துண்டுகள் தனித்தனியே பெட்டிக்குள்ளும் கூரை இடுக்கிலும் கிடந்தால் அந்த வரிசை யார் கண்ணிலும் படாது.

சென்ற வருடம் பசறைப் பக்கம் போயிருந்தேன். பெரியம்மாவின் மூத்த மகள், என் அக்கா, இன்னும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார். லயம் இடிக்கப்பட்டுத் தனிவீடாகியிருக்கிறது. சர்க்கரை வியாதி, கிளினிக் கொப்பியில் துண்டுகளை ஊசியால் குத்தி வைத்திருக்கிறார். அவருடைய பேத்தி புதிதாக வந்த துண்டைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, வட்ஸ்அப்பில் பண்டாரவளை டொக்டருக்கு அனுப்பப் போனாள். ஊவாவின் பல வீடுகளில் இன்று நடக்கும் மின்னணுப் பரிமாற்றம் இதுவே. படத்தை வாங்கிப் பார்த்தேன். எண்கள் எல்லாம் தெளிவாக இருந்தன. மேலே நோயாளர் இலக்கம் இருந்த மூலை மட்டும் வெட்டுப்பட்டிருந்தது.

"இன்னொருக்கா எடும்மா, மேல் மூலையும் தெரியிற மாதிரி" என்றேன்.

"பேர் தெரியுதே தாத்தா, போதாதா?" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தார். கொப்பியை வாங்கித் துண்டைக் கழற்றி, மேசையில் நேராக வைத்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவள் மறுபடியும் எடுத்தாள்.